தேதி யார் கையில்?

கால்பந்துக்கு உரிமையாளர் கிடையாது. கிளப்புக்கு உண்டு, லீக்குக்கு உண்டு, ஒளிபரப்புக்கு உண்டு. பந்தை உதைத்து வலைக்குள் தள்ளும் ஆட்டத்துக்கு மட்டும் யாரும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை. வீடியோ கேம்களைத் தொழில்முறைப் போட்டியாக ஆடும் இஸ்போர்ட்ஸில் ஆட்டமே ஒரு நிறுவனத்தின் சொத்து. விதியை மாற்றுவதும் அவர்கள்தான், சர்வரை நிறுத்துவதும் அவர்கள்தான், யார் போட்டி நடத்தலாம் என்று உரிமம் கொடுப்பதும் அவர்கள்தான். தொழில்முறை அணிகளை நடத்தும் ஓர் அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். வக்கீல்கள் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன். ஆனால் என் மேஜைக்கு அது தேதிகளாக வந்து சேர்ந்தது.

என் பொறுப்பு ஸ்பான்சர் ஒப்பந்தங்கள். பணம் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அடுத்த சீசன் எப்போது, எத்தனை ஆட்டங்கள், உலகப் போட்டி எங்கே? எங்களிடம் பதில் இருக்காது. கேம் நிறுவனம் அறிவிக்கும்வரை 'எதிர்பார்க்கப்படும் அட்டவணை' என்று ஒரு ஸ்லைடைப் போட்டுச் சமாளிப்போம். எதிரில் உட்கார்ந்திருப்பவரோ விளம்பர பட்ஜெட்டை முந்தைய ஆண்டே பூட்டிவிட்டு வந்தவர். நாங்கள் சொன்ன மாதத்தில் போட்டி நடக்காவிட்டால் அந்த ஆண்டு அவருக்கு நாங்கள் தேவையே இல்லை. அப்புறம் லோகோ விவகாரம். ஜெர்சியில் எந்த வகைப் பொருளின் பெயர் வரலாம், எது வரக்கூடாது என்பதும் லீக் விதிப்புத்தகத்தில் இருக்கும். லீக்கே தனக்கு ஒரு பெரிய ஸ்பான்சரைப் பிடித்துவிட்டால், அதே துறையில் நாங்கள் பல மாதம் பேசி முடித்து வைத்திருந்த ஒப்பந்தம் ஒரு மின்னஞ்சலில் காணாமல் போகும். எனக்கே அது நடந்தது. இழப்பீடு எதுவும் இல்லை, வருத்தம் தெரிவித்து ஒரு வரி இருந்தது.

ஆட்டம் யாருடையது என்ற சண்டை பழையது. பிளிசார்ட் நிறுவனத்தின் ஸ்டார்கிராஃப்ட் கேம் 1998-இல் வந்தது. தென் கொரியாவில் அதைச் சுற்றி டிவி சேனல்கள், மாதச் சம்பளம் வாங்கும் அணிகள், கெஸ்பா என்ற சங்கம் என்று ஒரு முழு உலகமே உருவானது. உருவாக்கியவர்கள் கொரியர்கள், பிளிசார்ட் ஓரமாக நின்று கேம் விற்றுக்கொண்டிருந்தது. 2007-இல் கெஸ்பா தான் நடத்திய புரோலீக் என்ற அணிப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை விற்றபோதுதான், எங்கள் கேமின் உரிமையை நீங்கள் எப்படி விற்கலாம் என்ற கேள்வி எழுந்தது. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. 2010-இல் பிளிசார்ட் தன் கேம்களின் போட்டி, ஒளிபரப்பு உரிமைகளை கிரெட்டெக் என்ற வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தது. சேனல்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. 2011 மே மாதம் சமரசம் ஆனது. பார்வையாளரை வளர்த்தவர் ஒருவர், பத்திரம் வைத்திருப்பவர் இன்னொருவர். எனக்கு அனுதாபம் முன்னவர்மேல்தான். ஆனால் மற்ற கேம் நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு என்று நினைக்கிறேன்: லீக் வளர்ந்த பிறகு கைப்பற்றப் பாடுபடுவதைவிட, முதல் நாளிலிருந்தே கையில் வைத்துக்கொள்வது சுலபம். 2013-இல் தன் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமுக்காக எல்சிஎஸ் என்ற லீக்கைத் தொடங்கிய ரயட் நிறுவனம் அதைத்தான் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், எல்சிஎஸ் வீரர்கள் தங்கள் சொந்த நேரலை ஸ்ட்ரீமில் ஹார்த்ஸ்டோன் போன்ற போட்டி நிறுவனங்களின் கேம்களை விளையாடிக் காட்டக்கூடாது என்ற ஒப்பந்த விதி வெளியில் கசிந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதைத் தளர்த்தியது. சம்பளம் கொடுப்பது அணி, வீட்டில் உட்கார்ந்து என்ன விளையாடலாம் என்று சொல்வது லீக்.

பேட்ச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. பேட்ச் என்றால் கேமில் வரும் மாற்றங்களின் தொகுப்பு: ஒரு பாத்திரத்தின் பலம் குறையும், ஓர் ஆயுதம் புதிதாக வரும். கோடிக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அது உற்சாகம். கேம் புதிதாக இருந்தால்தான் அவர்கள் திரும்ப வருவார்கள், பாத்திரத்துக்கு ஸ்கின் என்ற அலங்காரத் தோற்றம் வாங்குவார்கள். எங்கள் கோச்சுக்கு அது வேறு மாதிரி. பல வாரங்களாக ஸ்க்ரிம் என்ற பயிற்சி ஆட்டங்களை ஆடி, எதிரணிகளின் வீடியோவை அலசி, ஓர் ஆட்டமுறையைக் கட்டியிருப்பார். பிளேஆஃப் நெருங்கும்போது பேட்ச் குறிப்பு வரும். அவர் அதைப் படித்துவிட்டு வெள்ளைப் பலகையை அழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். "இதுக்கு ஆடக்கூடிய பையனைத்தான் போன சீசன்ல அனுப்பிட்டோம்" என்றார் ஒருமுறை. வீரர்களை மாற்றுவதற்கான கெடு அதற்குள் முடிந்திருந்தது.

2016 கோடையில் இதே பிரச்சினை பொதுவெளிக்கு வந்தது. எல்சிஎஸ் சீசன் முடியப்போகும் நேரத்தில், வீரர்களை வழக்கமான பாதையிலிருந்து வேறு பாதைக்கு மாற்றி அனுப்பும், அணிகள் நம்பியிருந்த லேன் ஸ்வாப் உத்தியைக் கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டும் பேட்ச் வந்தது. டிஎஸ்எம் அணியின் உரிமையாளர் ஆண்டி டின் அதைக் குறை சொன்னார். இது வீரர்களின் பிழைப்பைப் பாதிக்கிறது என்றார். ரயட்டின் நிறுவனர்களில் ஒருவரான மார்க் மெரில், வீரர்கள்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் அவர் சம்பாதித்ததை மற்ற கேம்களில் கொட்டாமல் அவர்களுக்கே செலவழிக்கலாமே என்ற தொனியில் பதில் எழுதினார். பிறகு அந்த வார்த்தைகளைத் திருத்தினார். எனக்கு அந்தப் பதில் பயனுள்ளதாகவே பட்டது. உள்ளே இருப்பவர்கள் எங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை மழுப்பாமல் சொன்ன பதில்கள் இந்தத் துறையில் குறைவு.

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் 2015 டிசம்பரில் வந்த ஆர்8 ரிவால்வர், ஃபோர்ட்நைட்டில் 2018 டிசம்பரில் பெரும் பரிசுப் போட்டி நடக்கும் சமயத்தில் இறங்கிய இன்ஃபினிட்டி பிளேடு என்ற வாள், இரண்டும் பலம் மிஞ்சிப்போனதால் சில நாட்களிலேயே குறைக்கவோ நீக்கவோ வேண்டி வந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. போட்டி அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கம் யாருக்கும் தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம், பின்னால் நான் ஒரு கேம் நிறுவனத்தின் லீக் பிரிவுக்கே வேலைக்குப் போனேன். அணிப் பக்கம் இருந்தபோது 'அவர்கள்' என்று ஒரே ஆளைப் போலப் பேசுவோம். திட்டமிட்டு எங்களை ஒடுக்கும் ஒரு மூளை எங்கோ இருப்பதாக ஒரு நம்பிக்கை. உள்ளே போய்ப் பார்த்தால் லீக் பிரிவு ஒரு மூலையில் இருந்தது. கேமை உருவாக்கும் குழு தன் வெளியீட்டு நாட்காட்டியின்படி ஓடிக்கொண்டிருந்தது. பேட்ச் எப்போது என்பது எங்களுக்கும் தாமதமாகத்தான் வரும். கணக்குப் புத்தகத்தில் இஸ்போர்ட்ஸ் என்பது மார்க்கெட்டிங்கின் ஒரு வரி. போன காலாண்டில் கேம் வருமானம் குறைந்திருந்தால் அந்த வரியில்தான் முதலில் பேனா விழும். அணிகளிடமிருந்து காரசாரமான மின்னஞ்சல்கள் வரும். படித்தால் பாதி நியாயமாகவே இருக்கும். பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு மேலே இரண்டு மாடி தள்ளி இருக்கும். ஒரு முடிவு தெரிந்த பிறகும், பொது அறிவிப்பு வரும்வரை அணிகளிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு. கசிந்துவிடும் என்ற பயம். கசியவும் செய்யும், அதையும் மறுக்க முடியாது.

அதனால் 2018 டிசம்பர் 13 அன்று ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் என்ற தன் கேமின் லீக்கை அடுத்த ஆண்டு நடத்தப்போவதில்லை என்று பிளிசார்ட் அறிவித்தபோது என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வீரர்கள் பலர் மற்றவர்களோடு சேர்ந்து அந்தப் பொது அறிவிப்பைப் படித்துத்தான் தங்களுக்கு வேலை போனதைத் தெரிந்துகொண்டார்கள். புது வருடத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை.

சரி, காசு கொடுத்து லீக்கில் நிரந்தர இடத்தை வாங்கிவிட்டால்? அதுதான் ஃபிரான்சைஸ் காலத்தின் நம்பிக்கை. 2018-இல் எல்சிஎஸ்ஸில் நிரந்தர இடத்துக்கு ஏற்கெனவே இருந்த அணிகள் 1 கோடி டாலர், புதிதாக வந்தவை 1.3 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அதே ஆண்டு 12 அணிகளோடு தொடங்கிய, பிளிசார்டின் ஓவர்வாட்ச் லீக்கில் ஓர் இடத்தின் விலை 2 கோடி டாலர் என்றார்கள். நகரத்தின் பெயரில் அணி, சொந்த அரங்கில் ஆட்டம், டிக்கெட் வருமானம் என்று பெரிய கனவு. சொந்த ஊர் ஆட்டங்களை முழுமையாகத் தொடங்கிய 2020-இலேயே பெருந்தொற்று அதை முடக்கியது. 2023 சீசனோடு லீக் முடிந்தது. விலகும் அணிக்கு 60 லட்சம் டாலர் என்று கணக்குத் தீர்க்கப்பட்டது.

முதலீட்டாளர்களுக்கு இடத்தை விளக்கும்போது எங்கள் அமைப்பில் 'சொத்து' என்றுதான் எழுதுவோம். ஒப்பந்தத்தைப் படித்தால் அது ஒரு வாடகைச் சீட்டு. வீட்டுக்காரர் வீட்டையே இடிக்கலாம், அதற்கு ஷரத்து இருக்கிறது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் அடுத்த சுற்று முதலீடு அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றுகொண்டிருந்தது. அணி அமைப்புகளை முழுக்கப் பாதிக்கப்பட்டவர்களாக என்னால் பார்க்க முடியாததற்கு இதுவும் காரணம். வரவைவிட மூன்று மடங்கு சம்பளம் பேசியது கேம் நிறுவனம் இல்லை, நாங்கள்தான்.

ஒற்றுமை இல்லாததற்கும் நாங்கள்தான் பொறுப்பு. எல்லா அணிகளும் சேர்ந்து ஒரு வாரம் ஆட மறுத்தால் எந்த லீக்கும் இறங்கி வரும் என்று கூட்டங்களில் பேசுவோம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் தனியாக லீக் நிர்வாகியைக் கூப்பிட்டுப் பேசும். எதிரணி வெளியேறினால் அதன் வீரர்களை யார் எடுப்பது என்ற யோசனை எல்லார் மனதிலும் ஓடும். உண்மையில் நடந்த வேலைநிறுத்தம் வேறு விதமாக வந்தது. 2023-இல் எல்சிஎஸ் அணிகள், இரண்டாம் நிலை அணியைக் கட்டாயமாக வைத்திருக்கும் விதியை நீக்கச் சொல்லிக் கேட்டன; ரயட் ஒத்துக்கொண்டது. வேலை இழந்து தெருவுக்கு வந்தவர்கள் இளம் வீரர்கள். எல்சிஎஸ் வீரர்கள் சங்கம் வாக்கெடுத்து வெளிநடப்பு செய்தது, சீசன் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்தச் சண்டையில் கேம் நிறுவனமும் அணி உரிமையாளர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். மேலே நடக்கும் அதிகாரப் போட்டியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

பணத்தை நேரடியாகப் பகிர்ந்த இடங்களில் உறவு கொஞ்சம் ஆரோக்கியமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பெரிய போட்டிகளான மேஜர்களில், கேமுக்குள் விற்கும் ஸ்டிக்கர் விற்பனையில் பாதி வீரர்களுக்கும் அணிகளுக்கும் போகிறது. 2023 பாரிஸ் மேஜரில் அது 11 கோடி டாலரைத் தாண்டியதாக அந்தக் கேமின் நிறுவனமான வால்வ் சொன்னது. பல அமைப்புகளை அந்த ஆண்டு காப்பாற்றியது அதுதான். ஆனால் அதே வால்வின் டோட்டா 2-இல், இன்டர்நேஷனல் என்ற உலகப் போட்டியின் பரிசுத்தொகை 2021-இல் 4 கோடி டாலர், 2023-இல் 30 லட்சத்தை ஒட்டி. கேமுக்குள் விற்கும் பொருளின் வடிவத்தை மாற்றினார்கள், பரிசு கரைந்தது. குழாயின் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வால்வ் செய்த இன்னொரு காரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில், போட்டி நடத்துபவர்கள் அணிகளோடு தனி வணிகக் கூட்டு வைத்துக்கொள்ளக்கூடாது, அழைப்பு தரவரிசைப்படிதான் என்று அறிவித்தது. 2020-இல் 13 அணிகள் ஈஎஸ்எல் என்ற போட்டி நடத்தும் நிறுவனத்தோடு போட்டிருந்த லூவ்ர் ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அது முடிவு கட்டியது. அணிகளுக்குக் கசப்பான முடிவு. ஆனால் அமலுக்கு வந்தது 2025-இல். இடையில் ஓராண்டுக்கு மேல் கிடைத்தது. ஸ்பான்சரிடம் போய் உட்கார்ந்து உண்மையான தேதிகளைச் சொல்லிப் பேச முடிந்தது. கடுமையான விதியும் முன்கூட்டியே வந்தால் அதைச் சுற்றி ஒரு தொழில் நடத்தலாம். சலுகைகூட முந்தைய நாள் இரவு வந்தால் பாதி வீணாகும்.

இப்போது நான் திரும்ப அணிப் பக்கம். சமீபத்தில் ஒரு லீக் ஒப்பந்தத்தில், லீக் எங்களுக்குத் தரும் வருடாந்திர உதவித்தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அட்டவணையும் பெரிய விதிமாற்றமும் குறிப்பிட்ட மாதங்களுக்கு முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு ஷரத்து கேட்டோம். எதிர்ப்பக்க வக்கீலுக்கு ஆச்சரியம். எல்லாரும் தொகையை ஏற்றத்தான் வருவார்களாம். ஷரத்து கிடைத்தது. கூடவே, நிறுவனத்தின் வணிகச் சூழல் மாறினால் இது பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கும் சேர்ந்து வந்தது. அதை எடுக்கச் சொல்லி மூன்று வரைவுகள் போயும் எடுக்கவில்லை. தொகையைக் குறைத்தது குறைத்ததாகவே இருக்க, கையெழுத்துப் போட்டோம்.