விரூபாட்ச குகையும் ஆசிரமத்து அடுக்களையும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து அருணாசல மலைமீது ஏறும் கல்பாவிய பாதையில் காலை வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடுவது நல்லது. வழியில் ஒரு திருப்பத்தில் அண்ணாமலையார் கோயிலின் கோபுரங்களும் பிராகாரங்களும் முழுவதுமாகக் கீழே தெரிகின்றன. முதலில் கந்தாசிரமம் வருகிறது; அங்கிருந்து சற்றுக் கீழிறங்கினால் விரூபாட்ச குகை.

பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட, மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். 1899 முதல் 1916 வரை அவர் பெரும்பாலும் இந்தக் குகையில்தான் இருந்தார். உள்ளே வெக்கையாக இருக்கிறது; விளக்கொளியில் துறவி விரூபாட்ச தேவரின் சமாதி மேடு தெரிகிறது. பேசாமல் அமர்ந்திருந்த ஓர் இளைஞரைச் சுற்றி இத்தனை பெரிய அடியார் கூட்டம் எப்படித் திரண்டது என்ற கேள்வி இங்கேதான் எழும். தத்துவத்தைக் கொண்டு அதற்கு விடை சொல்லிவிடலாம். எனக்கு என்னவோ சோற்றிலிருந்து தொடங்குவதே சரியென்று படுகிறது.

குகையில் அடுப்பு எரிந்ததில்லை. உடனிருந்தவர்கள் ஊருக்குள் சென்று பிச்சையெடுத்து வந்ததையே எல்லோரும் பகிர்ந்து உண்டார்கள். வேறு சிலர் அவர்களைப் போலவே பாடிக்கொண்டு சென்று ரமணருக்கென்று வைத்திருந்த உணவை வாங்கிவிடவே, தங்களுக்கென ஒரு பாட்டு வேண்டும் என்று அடியார்கள் கேட்டார்கள். 108 கண்ணிகளைக் கொண்ட அட்சரமணமாலை இவ்வாறு பிறந்ததுதான். ஆசிரமத்தில் இன்று கண்மூடிக் கைகூப்பிப் பாடப்படும் அந்த நூல், திருவண்ணாமலைத் தெருக்களில் பிச்சைப் பாத்திரத்தோடு பாடப்பட்டது என்பதை அறிந்தபின், அதன் ஒவ்வொரு கண்ணியும் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

பிச்சைச் சோற்றோடு, தேடி வந்து ஊட்டியவர்களும் இருந்தார்கள். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துத் துயரோடு மலையேறி வந்த எச்சம்மாள், ஆறுதல் பெற்ற நாள்முதல் 1945இல் தாம் மறையும்வரை ரமணருக்கு உணவு கொண்டுவந்தார். மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டியின் இயற்பெயரைக்கூட இன்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பாட்டியே பிற்காலத்தில் லட்சுமி என்னும் பசுவாகப் பிறந்து வந்தாள் என்று அடியார்கள் நம்புகிறார்கள். 1948இல் இறந்த லட்சுமிக்கு ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி இருக்கிறது.

ரமணரின் தாய் அழகம்மாள் மகனோடு தங்க வந்த பிறகுதான், குகையை விட்டு அவர்கள் குடியேறிய கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியது. 1922இல் அவர் மறைந்ததும் மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். ரமணரும் அவ்வாண்டே அங்கு இறங்கி வந்துவிட, அந்தச் சமாதியைச் சுற்றியே ஆசிரமம் வளர்ந்தது. அதன் அடுக்களையில் சுப்புலட்சுமி அம்மாள், சாந்தம்மாள், சம்பூரணம்மாள் முதலியோர் உழைத்தார்கள். ரமணர் விடியுமுன்பே அங்கு வந்து காய் நறுக்குவார், துவையல் அரைப்பார், பக்குவம் சொல்லிக்கொடுப்பார். அடுப்படி வேலையையே உபதேசமாக ஏற்றவர்கள் அந்தப் பெண்கள். பொழுது சாய்ந்ததும் அவர்கள் ஆசிரமத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்ற விதி இருந்ததை நினைக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. உணவுக்கூடத்தில் பிராமணர்களும் மற்றவர்களும் தனித்தனியாக அமர்ந்த காலமும் அதுவே. ஆனால், தமக்குப் பரிமாறுவது எதுவாயினும் அது எல்லோருக்கும் அதே அளவில் கிடைக்க வேண்டும் என்பதில் ரமணர் இறுதிவரை உறுதியாக நின்றார்.

1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தபோது குருபீடத்துக்கு வாரிசாக எவரும் இல்லை. நிர்வாகத்தை மட்டும் 1938இல் எழுதிய உயிலின் மூலம் தம்பி நிரஞ்சனானந்தரிடமும் அவர் வழியினரிடமும் ஒப்படைத்திருந்தார். எனவே இங்கே தரிசனம் தர யாரும் அமர்ந்திருக்கவில்லை. பழைய கூடத்தில் அவர் சாய்ந்திருந்த கட்டிலில் படம்தான் இருக்கிறது. அதன் எதிரே சற்று நேரம் அமர்ந்துவிட்டு முற்பகலில் வெளியே வந்தால், சாதுக்கள் பாத்திரங்களோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கு உணவு வழங்கிய பிறகே உள்ளே பந்தி தொடங்குகிறது. செல்பவர்கள் தியானக் கூடத்தோடு திரும்பிவிடாமல், இந்த அன்னம் வழங்கப்படும் வேளைவரை இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.