முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில்

கமுதிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். அந்த இரண்டில் நானும் ஒருவன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்பதால் குறை சொல்ல வழியில்லை. நான் கூட்டத்துக்குப் போகிற நாளில் டீச்சர் ஐந்து வகுப்பையும் தாழ்வாரத்தில் உட்காரவைத்துச் சமாளித்துவிடுவார். அதெல்லாம் பழகிவிட்டது. இன்றுவரை பழகாதது மானியக் கணக்குத்தான்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருடா வருடம் பள்ளி மானியம் உண்டு. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 வரை 25,000. எண்ணிக்கைக்கு ஆதாரம் யு-டைஸ், அதாவது பள்ளிகளின் விவரங்களைத் திரட்டும் மத்திய அரசின் தகவல் தொகுப்பு. அது செப்டம்பர் 30 நிலவரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடம் அந்தத் தேதியில் எங்களிடம் சரியாக 30 பேர். திருப்பூருக்குப் பிழைக்கப் போயிருந்த ஒரு குடும்பம் தீபாவளியோடு ஊர் திரும்பி, மகளைக் கொண்டுவந்து சேர்த்தது. 31 ஆயிற்று. தேதி தாண்டிவிட்டது. புதுப் பிள்ளை வாசலில் நிற்கும்போதே, ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று என் மனம் 15,000 ரூபாயைக் கூட்டிப் பார்த்தது.

அந்தப் பத்தாயிரத்தில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும். மிச்சத்தில் சாக்பீஸ், பதிவேடுகள், முதலுதவிப் பெட்டி, வெள்ளையடிப்பு, குழாய் ரிப்பேர். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது. உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடித்து அடிக்கடி கையோடு வந்துவிடும். தாழ்ப்பாள் இல்லாத நாளில் நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். டீச்சர் கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அதிகாரிகளிடம் பேசினால் ஒரு பதில் வரும். 30 பிள்ளைக்கு 10,000 என்றால் தலைக்கு 333 ரூபாய். 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 50,000, தலைக்கு 200தான். உங்களுக்குத்தானே சார் அதிகம் கொடுக்கிறோம் என்பார்கள். கணக்கு தப்பில்லை. இரண்டு ஆசிரியர் சம்பளத்தையும் சேர்த்தால் எங்கள் பள்ளி செலவு பிடித்த பள்ளிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் மோட்டார் தலையை எண்ணிப் பார்த்துப் பழுதாவதில்லை.

ஊர்க்காரர்கள் கைகொடுக்காமல் இல்லை. எங்கள் ஊரிலும் கல்விச் சீர் கொண்டுவந்தார்கள். மேளதாளத்தோடு, கல்யாணச் சீர் மாதிரியே தட்டு தட்டாக. பீரோ, மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, எவர்சில்வர் குடம், நோட்டுப் புத்தகக் கட்டு. சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் டிவி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் சீர்த்தட்டில் யாரும் ஃபினாயில் வைப்பதில்லை. கொடுப்பவர் பெயர் எழுத இடம் இருக்கிற பொருள்தான் வரும். மாதா மாதம் தீர்ந்துபோகிற பொருளுக்குப் புரவலர் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் அடைவுத்திறன், அதாவது பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்ற கணக்கு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம். எனக்கு அந்த முறை பிடிக்கும். மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. டவர் கிடைக்காத நாளில் கண்மாய்க் கரையில் ஏறி நின்று அனுப்பிய கதையும் உண்டு. அதுகூடப் போகட்டும். அனுப்பிய பிறகு அது சதவீதமாக மாறித் திரும்பி வரும்போதுதான் சங்கடம்.

ஒரு வருடம் மூன்றாம் வகுப்பில் நான்கு பேர். அதில் ஒரு பையனின் வீட்டார் கரிமூட்டம் போடுகிறவர்கள், விறகை மூட்டமிட்டு எரித்துக் கரியாக்குவது தொழில். பொங்கல் முடிந்தால் கருவேலங்காடு குத்தகை கிடைத்த ஊருக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். ஜூனில் திரும்பி வந்தவனின் தமிழ்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஜனவரியில் டீச்சர் போட்டுக்கொடுத்த அட்டை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறினான். வாசிப்பில் எங்கள் வகுப்பு 75 சதவீதம் என்று வந்தது. ஆய்வுக் கூட்டத்தில் திரையில் எங்கள் பள்ளிப் பெயர் சிவப்பில். அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பில் இரண்டே பேர், இரண்டு பேரும் சரளமாகப் படித்தார்கள். 100 சதவீதம், பாராட்டு. அதே டீச்சர், அதே பாடம், அதே தாழ்வாரம். நாங்கள் திட்டு வாங்கியதிலும் அர்த்தமில்லை, கைதட்டு வாங்கியதிலும் அர்த்தமில்லை.

பிள்ளைகள் வருகையில் நிஜமான மாற்றத்தைப் பார்த்தது காலை உணவுத் திட்டத்தில்தான். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிரார்த்தனைக்குப் பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். இந்த லாபம் மதிப்பெண்ணில் தெரிய நாளாகும்.

2024-25இல், மாதிரிப் பள்ளிகளுக்கான மத்திய அரசுத் திட்டமான பி.எம்.ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, எங்கள் மானியம் வருகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான தன் பங்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. ஒருங்கிணைந்த திட்டத்தில் மத்திய அரசுக்கு 60 சதவீதம், மாநிலத்துக்கு 40 சதவீதம் என்று பங்கு. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது குழுத் தலைவியான அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கோடிக் கணக்குல பேசுறாங்க, நம்ம தாப்பாளுக்கு எப்ப சார் வரும்?” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மகளும் நான்காம் வகுப்புதான்.

போன ஆய்வுக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தது. பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும் பள்ளிக்கு என்று ஓர் அடிப்படைத் தொகையை ஜூனிலேயே கொடுங்கள், தலைக்கணக்கை அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பத்துப் பேர்கூட இல்லாத வகுப்புக்குச் சதவீதம் போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் போன ஜூனில் எங்கே இருந்தது, இந்த ஏப்ரலில் எங்கே வந்திருக்கிறது என்று கேளுங்கள், பெயர் சொல்லிப் பதில் சொல்கிறோம் என்றேன். பக்கத்து ஊர்த் தலைமை ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நல்ல கருத்து சார் என்று குறித்துக்கொண்டு, அடுத்த பொருளுக்குப் போனார்கள்: மாணவர் ஆதார் புதுப்பிப்பு, நிலுவை விவரம்.