லக்சர் நாட்குறிப்பு: ராஜாக்களின் மலை, கல்வெட்டியவர்களின் ஊர்

மார்ச் 26, வியாழன், இரவு

எகிப்தின் லக்சர் வந்து சேர்ந்தாயிற்று. நாளை முழுக்க மேற்குக் கரை. கர்னாக், லக்சர் கோயில்கள் நைலுக்கு இந்தப் பக்கம். கல்லறைகளும் ராஜாக்களின் நினைவுக் கோயில்களும் அந்தப் பக்கம். ஒருநாள் பயணம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்: மெம்னோன் சிலைகள், ராஜாக்கள் பள்ளத்தாக்கு, பெண் ராஜா ஹத்ஷெப்சுத்தின் கோயில், நடுவில் ஒரு அலபாஸ்டர் கல் சாமான் கடை.

எனக்கு டெய்ர் எல்-மதீனா வேண்டும் என்று கேட்டேன். பள்ளத்தாக்கில் ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. முன்பதிவு செய்த இடத்தில், அதற்கெல்லாம் நேரம் இருக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். சாயந்திரம் வழிகாட்டியே போனில் பேசினார். லக்சரிலேயே பிறந்து வளர்ந்து எகிப்தியல் படித்த பெண். "கடையை விட்டுவிட்டால் மதீனாவும் பார்க்கலாம், மெதினெத் ஹாபு கோயிலும் பார்க்கலாம். உங்களுக்குச் சம்மதமா?" என்றார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது!

கூட வந்திருப்பவர் சித்தப்பா. வாழ்நாள் முழுக்கக் கட்டட மேஸ்திரி. இந்த ஊரை அவரோடு பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மார்ச் 27, வெள்ளி, மதியம்

வெயில் ஏறுமுன் பள்ளத்தாக்கு என்பதால் இருட்டிலேயே கிளம்பிவிட்டோம். பாலம் ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கிறது, வேன் சுற்றித்தான் போகிறது. கரும்புத் தோட்டங்களுக்கு மேலே பலூன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

மெம்னோன் சிலைகளில் சிறிது நேரம்தான். ராஜா மூன்றாம் அமென்ஹோத்தெப் தன் கோயில் வாசலில் உட்கார்த்திவைத்த இரண்டு உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 18 மீட்டர். பின்னால் இருந்த கோயில் அநேகமாகப் போய்விட்டது.

பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். பொது டிக்கெட்டில் மூன்று பார்க்கலாம். துத்தன்காமுன் போன்ற சிலவற்றுக்குத் தனி டிக்கெட். வழிகாட்டிகள் கல்லறைக்குள் வந்து விளக்குவதில்லை. வெளியிலேயே படங்களை வைத்துச் சொல்லி அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே போனதும் கண்ணுக்கு மட்டும்தான் வேலை.

மூன்றாம் ராம்செஸ் கல்லறையில் கொஞ்ச தூரம் இறங்கியதும் சித்தப்பா நின்றுவிட்டார். நேராகப் போகும் நடை அங்கே வலது பக்கம் ஒதுங்கி, பிறகு மறுபடி நேராகப் போகிறது. "இவ்வளவு சுத்தமா நூல் பிடிச்சு வந்தவன் இங்க ஏன்ப்பா ஒதுங்கினான்? அந்தப் பக்கம் ஏதோ இருந்திருக்கு" என்றார். வெளியே வந்து கேட்டோம். வழிகாட்டி முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இந்தக் கல்லறையை முதலில் தொடங்கியது ராம்செஸின் அப்பா செத்நக்தேவுக்காக. வெட்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்தில் இருந்த அமென்மெஸ்ஸே என்ற இன்னொரு ராஜாவின் கல்லறையை உடைத்துவிட்டார்கள். வேலை நின்றது. பிறகு மகன் அதையே எடுத்துக்கொண்டு, நடையைத் தள்ளி வெட்டச் சொல்லி முடித்தான். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தளச் சிக்கலைச் சுவரைப் பார்த்தே கண்டுபிடித்த சித்தப்பாவை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

ஆறாம் ராம்செஸ் கல்லறையில் கூரை முழுக்க வானதேவி நூத். சாயந்திரம் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடலுக்குள் நகர்த்தி, காலையில் பெற்றெடுக்கிறாள். நீலமும் மஞ்சளும் இன்னும் மங்கவில்லை. பழங்காலத்திலேயே இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆட்கள் சுற்றிப்பார்க்க வந்து சுவரில் பேர் எழுதியிருக்கிறார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதியவை மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். தமிழியில், அதாவது பழைய தமிழ்-பிராமி எழுத்தில், எழுதிய சிகை கொற்றன் என்ற பெயரும் இந்தப் பள்ளத்தாக்கின் கல்லறைச் சுவர்களில் படிக்கப்பட்டிருக்கிறது. செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசெய்ர் அல்-கதீமிலும் தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள் ஏற்கனவே கிடைத்தவைதான். அந்தத் துறைமுகச் சரக்கு பாலைவனம் தாண்டி நைலைத் தொட்ட கொப்தோஸ் இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம். சரக்கோடு வந்தவர்கள் இங்கும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கவே உடம்பு சிலிர்க்கிறது.

ஆறாம் ராம்செஸுக்கு மலையைக் குடைந்தபோது வெளியே கொட்டிய கல்லும், வேலையாட்கள் போட்ட குடிசைகளும் கீழே இருந்த ஒரு சின்னக் கல்லறையின் வாசலை மூடிவிட்டன. அதுதான் துத்தன்காமுன். 1922 நவம்பரில் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் அந்தக் குடிசைகளின் அடித்தளத்துக்குக் கீழேதான் முதல் படியைக் கண்டார்கள். உள்ளே இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இன்று கீசாவின் புதிய அருங்காட்சியகத்தில். அந்த இளம் ராஜாவின் உடல் இங்கேயே, கண்ணாடிப் பெட்டிக்குள்.

ஹத்ஷெப்சுத் கோயிலில் கூட்டம் நெரிந்தது. பூந்த் நாட்டிலிருந்து நறும்பிசின் மரங்களை வேரோடு கூடைகளில் சுமந்து வரும் சிற்ப வரிசையை மட்டும் நின்று பார்த்தோம்.

மார்ச் 27, இரவு

டெய்ர் எல்-மதீனாவில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். மலை இடுக்கில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் அடிகள். ஒரே தெரு, இரு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், மதிலுக்குள் மட்டும் 68. வாசல் அறை, கூடம், படுக்கும் அறை, கடைசியில் கூரையில்லாத அடுப்படி. இங்கே கிணறு கிடையாது. தண்ணீர் கழுதை மேல் கீழிருந்து வர வேண்டும். வேலை நாட்களில் ஆண்கள் மலை மேல் கல் குடிசைகளில் தங்கிவிட்டு, பத்து நாள் வாரத்தின் கடைசியில் இறங்கி வீட்டுக்கு வருவார்கள்.

இவர்கள் பெயர்கூட நமக்குத் தெரிகிறது என்பதுதான் இந்த ஊரின் அதிசயம். சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எல்லாவற்றையும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்காகத் தோண்டி, கிடைக்காமல் குப்பை கொட்டிய பெரும் பள்ளம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் அள்ளினார்கள். லண்டனில் உள்ள ஒரு சில்லு, இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு. தேதி கறுப்பு மையில், வராத காரணம் அதற்கு மேலே சிவப்பு மையில். ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவனுக்குக் கண் நோவு. ஒருவன் பீர் காய்ச்சப் போய்விட்டான். ஒருவன் செத்துப்போன தாய்க்குத் துணி சுற்றப் போயிருக்கிறான். செம்பு உளிகளை எழுத்தர்கள் எடைபோட்டுக் கொடுத்து, எடைபோட்டே திரும்ப வாங்கினார்கள் என்றதும் சித்தப்பா தலையாட்டினார். "எங்க சைட்லயும் அப்படித்தான்."

அப்புறம் இந்த ஊர்த் தொழிலாளி சென்னெட்ஜெமின் கல்லறை. செங்குத்தான குறுகலான படியில் குனிந்து இறங்கினால் ஒரு சின்ன அறை, வளைந்த கூரை. சுவரெல்லாம் பழுத்த மஞ்சள், கோடுகள் இன்று போட்டவை போலிருக்கின்றன. ராஜா கல்லறையில் பாதாள உலகமும் பாம்பும் தீயும். இங்கே ஒரு சுவர் முழுக்க வயல். சென்னெட்ஜெம் மாடு பூட்டி உழுகிறார், மனைவி இய்நெஃபெர்தி பின்னாலேயே விதைக்கிறார். கொஞ்சம் தள்ளி அவர் கதிர் அறுக்க அவள் பொறுக்குகிறாள். இரண்டு பேரும் விசேஷத்துக்கு உடுத்தும் வெள்ளைத் துணியில். சுற்றிலும் வாய்க்கால், கீழே பழம் தொங்கும் பேரீச்சை. செத்தபிறகு போய்ச் சேரும் இந்த மறுமை வயல் மற்ற இடங்களிலும் வரையப்பட்டதுதான். ஆனால் அரசாங்கம் அளந்து கொடுத்த தானியத்தில் வயிறு வளர்த்து, தண்ணீரும் இல்லாத ஊரில் வாழ்ந்த குடும்பத்தின் சுவரில் அதைப் பார்ப்பது வேறு. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இந்தக் கல்லறை 1886-இல் திருட்டுப் போகாமல் முழுசாகக் கிடைத்தது. உள்ளே அவருடைய தொழில் சாமான்களும் இருந்தன. வழிகாட்டி போனில் படம் காட்டினார்: முழக்கோல், மூலைமட்டம், நடுவில் குண்டு தொங்கும் முக்கோண மட்டம். சித்தப்பா போனை வாங்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "குண்டு கோட்டுல வந்து நின்னா தளம் மட்டம். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எங்க மேஸ்திரி கையில இதே மாதிரிதான் இருந்துச்சு. இவரு நம்ம ஆளுப்பா."

கடைசியாக மெதினெத் ஹாபு, மூன்றாம் ராம்செஸின் கோயில். எழுத்துகளைக் கை நுழையும் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். எகிப்தைத் தாக்க வந்த கடலோடி மக்களோடு நடந்த போர், வெட்டிய கைகளைக் குவித்து எண்ணும் எழுத்தர்கள், எல்லாம் சுவரில் இருக்கிறது. இதே ராஜாவின் 29-ஆம் ஆண்டில், சுமார் கிமு 1157-இல், மதீனாக்காரர்கள் கூலி வராமல் வேலையை நிறுத்தினார்கள். அது இந்தச் சுவரில் இல்லை.

மார்ச் 28, சனி

காலையில் நேற்று எடுத்த குறிப்புகளோடு உட்கார்ந்தேன். அந்த வேலைநிறுத்தத்தை ஊர் எழுத்தர் அமென்நக்த் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) இன்று இத்தாலியின் டூரினில். எழுத்தில் கிடைக்கும் வேலைநிறுத்தங்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். காவல் சுவர்களைத் தாண்டி வந்து மூன்றாம் துத்மோஸ் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு இரண்டாம் ராம்செஸின் கோயிலான ராமெஸியம் வரை போனார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது; துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை; ராஜாவுக்கு எழுதுங்கள் என்று கேட்டார்கள். பாக்கி இருந்த மாதத்துக்கான தானியம் வந்தது. ஆனால் தாமதம் தொடர்ந்தது, அவர்களும் மறுபடி மறுபடி வெளியே வந்தார்கள்.

ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு மாதக் கூலி நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூட்டை என்பது சுமார் 76 லிட்டர். பீர் காய்ச்சுவது, பண்டமாற்று எல்லாம் அதிலிருந்துதான். அது நின்றால் வீடே நின்றுவிடும். ஒன்பதாம் ராம்செஸ் காலத்துக் கல்லறைக் கொள்ளை வழக்குகளில் இந்த ஊர்க்காரர்களும் மாட்டினார்கள். பயணப் புத்தகங்கள் அதைச் சுவாரஸ்யமான திருட்டுக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. பட்டினிப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்வதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. கடைசியில் லிபியர் தாக்குதலுக்குப் பயந்து ஊரையே காலி செய்து, மெதினெத் ஹாபு மதிலுக்குள் போய்க் குடியேறினார்கள்.

லக்சர் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மதீனாவைக் கேட்டு வாங்குங்கள். கடைக்குப் போகும் நேரத்தில் தாராளமாகப் பார்க்கலாம். சென்னெட்ஜெம் கல்லறைக்குப் பக்கத்திலேயே இன்ஹெர்காவ் கல்லறையும் இருக்கிறது, பூனை பாம்பை வெட்டும் ஓவியம் அதில் இருக்கிறது. அதையும் விடாதீர்கள். டிக்கெட்டுக்கு கார்டு கையில் இருக்கட்டும். படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள். உள்ளே காற்று குறைவு, நாலைந்து பேருக்கு மேல் நிற்க முடியாது. கூட்டமாக ஒரு குழு வந்தால் அவர்கள் போகும்வரை வெளியே தெருவில் வீடுகளைப் பாருங்கள்.

நாளை அபிடோஸ், தெந்தேரா கோயில்கள்.