கோப்ளின் வேலியில மூணு ராத்திரி, ஹூக்கப் இல்லாம

அக்டோபர்ல யூட்டா மாநிலத்துல இருக்குற கோப்ளின் வேலி ஸ்டேட் பார்க்குல மூணு ராத்திரி ஆர்வில, அதாவது படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்குற வண்டில, தங்கிட்டு வந்தோம். நான், எங்க வீட்டுக்காரர், பொண்ணு, ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா அப்பா, ஆக அஞ்சு பேர். அங்க ஹூக்கப் கிடையாது. அதாவது வண்டிய நிறுத்துற எடத்துல கரண்ட் பாயிண்ட் இல்ல, தண்ணி பைப் கனெக்ஷன் இல்ல, கழிவுநீர் குழாயும் இல்ல, நாம கொண்டு போறத வச்சுத்தான் மூணு நாளும் ஓட்டணும். வயசானவங்கள கூட்டிட்டு இந்த மாதிரி எடத்துக்கு போலாமான்னு நெறைய பேர் கேட்டாங்க, போலாம், தாராளமா போலாம், ஆனா ஒரே ஒரு விஷயம், எல்லாரும் தண்ணிய பத்தியே கவலப்படுறாங்க, எங்கள மாட்டி விட்டது தண்ணி இல்ல, பேட்டரி.

மொதல்ல எடத்த பத்தி. டென்வர்ல இருந்து ஐ-70 புடிச்சு மேற்க போயிட்டே இருந்தா கிரீன் ரிவர்னு ஒரு சின்ன ஊர் வரும், அத தாண்டினதும் ஹைவே 24ல தெக்க திரும்பணும். காருல ஆறு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், ஆர்வில எங்களுக்கு சாப்பாடு, டீ எல்லாம் சேத்து ஒம்பது மணி நேரம் ஆச்சு. கிரீன் ரிவர்லயே பெட்ரோல் ஃபுல்லா போட்டுக்கோங்க, இத சும்மா சொல்லல, காரணம் பின்னாடி வருது. ஹைவேய விட்டு உள்ள திரும்பினா போன் சிக்னல் கிட்டத்தட்ட போயிடும். சாம்பலும் செவப்புமா வெறும் காஞ்ச நெலம், மரம் மட்டைன்னு ஒண்ணும் கெடையாது, அப்பா ஜன்னல் வழியா பாத்துட்டே வந்தாரு, "எங்கம்மா கூட்டிட்டு போறீங்க"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு.

அப்புறம் அந்த வியூ பாயிண்ட்ல போய் நின்னதும் அவரு ஒண்ணுமே பேசல. கீழ ஒரு பெரிய பள்ளம், அது முழுக்க ஆள் உயரத்துலயும் அதுக்கு மேலயும் காளான் மாதிரி, குட்டி பூதம் மாதிரி ஆயிரக்கணக்குல பாறைங்க, இதுங்களத்தான் கோப்ளின்னு சொல்றாங்க. எண்ட்ராடா மணற்கல்லாம், சுமார் 17 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலோர சகதியில படிஞ்சது, மேல இருக்குற கெட்டியான அடுக்கு தொப்பி மாதிரி நிக்கும், கீழ இருக்குற மெதுவான அடுக்கு மழையிலயும் காத்துலயும் கரைஞ்சு கழுத்து மாதிரி ஒடுங்கிடும், அப்படித்தான் அந்த உருவம் வருது. 1920கள் கடைசில ஆர்தர் சாஃபின்ங்கறவரு இந்த பக்கம் வேற ஒரு பாதை தேடி வந்தப்ப இத பாத்திருக்காரு, மறுபடி 1949ல வந்து போட்டோ எல்லாம் எடுத்து, காளான் பள்ளத்தாக்குன்னு பேரு வச்சிருக்காரு. ஸ்டேட் பார்க் ஆனது 1964ல. உள்ள நடக்க தனியா பாதைன்னு எதுவும் கெடையாது, கோப்ளின்களுக்கு நடுவுல எங்க வேணா சுத்தலாம், என் பொண்ணு ஒரு மணி நேரம் கண்ணுலயே படல. ஆனா அதுங்க மேல சாஞ்சு தள்றது கிள்றது எல்லாம் வேணாம். 2013ல ஒருத்தர் ஒரு கோப்ளின தள்ளி உருட்டி விட்டு, கூட வந்தவரு அத வீடியோ எடுத்து, கேஸ் வரைக்கும் போச்சு. அத்தன கோடி வருஷம் நின்னத பத்து செகண்டுல சாய்ச்சுட்டாங்கன்னு நெனச்சா இப்பவும் மனசு ஆறல. மூட்டு வலி இருக்குறவங்க படி எறங்கவே வேணாம், மேலயே நிழல்ல உக்காந்து மொத்தத்தையும் பாக்கலாம், எங்க அப்பா அப்படித்தான் பாத்தாரு.

கேம்ப்கிரவுண்ட் சின்னது, பாறைச் சுவருங்களுக்கு அடியிலயே சைட் போட்டிருக்காங்க. நாலு மாசம் முன்னாடி புக்கிங் தொறக்கும், நாங்க அமாவாசைய ஒட்டின நாளா பாத்து அன்னைக்கே போட்டுட்டோம். பொதுவா பாத்ரூம், வெந்நீர் ஷவர், வண்டியோட கழிவுநீர கொட்டுற டம்ப் ஸ்டேஷன் எல்லாம் இருக்கு. அதனால ஹூக்கப் இல்லங்கறது கேக்குற அளவுக்கு பயப்படுற விஷயம் இல்ல.

இப்ப கணக்குக்கு வரேன். நாங்க வாடகைக்கு எடுத்தது கிளாஸ் சி வண்டி, டிரைவர் தலைக்கு மேல ஒரு பெட் நீட்டிட்டு இருக்குமே, அது. நல்ல தண்ணி டேங்க் 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர். அஞ்சு பேருக்கு மூணு நாள்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு பத்து லிட்டர். இத கேட்டதும் அம்மா, "அவ்ளோதானே, தெருக்குழாய்ல நாலு கொடம் புடிச்சு வீட்டயே நடத்தல?"ன்னாங்க, அப்புறம் அந்த டிபார்ட்மெண்ட்ட அவங்க கையிலயே குடுத்துட்டோம். ஒரு சின்ன பக்கெட்டும் மக்கும் கொண்டு வந்திருந்தாங்க. வெந்நீர் வர்றதுக்கு முன்னாடி பைப்ல பச்ச தண்ணி கொஞ்ச நேரம் சும்மா ஓடும் பாருங்க, அத பக்கெட்ல புடிச்சு டாய்லெட்டுக்கு வச்சுக்கிட்டாங்க. தட்ட மொதல்ல பேப்பர் டவல்ல நல்லா தொடச்சுட்டு அப்புறம்தான் கழுவணும், ஓடுற தண்ணில கழுவக் கூடாது. குளியல் எல்லாம் பார்க் ஷவர்லயே.

இதுல பலபேர் மறந்து போறது கிரே டேங்க். சிங்க்ல போற தண்ணியும் ஷவர் தண்ணியும் போய் சேர்ற டேங்க் அது, எங்க வண்டில 30 கேலன்தான். உள்ள வர்றது 40, வெளிய போறதுக்கு எடம் 30, அப்ப தண்ணி தீர்றதுக்கு முன்னாடியே கிரே நெறைஞ்சுடும். நெறைஞ்சா ஷவர் தரையில அழுக்கு தண்ணி எதுத்துகிட்டு வரும். வெளிய தொறந்து விடலாமேன்னு நெனைக்கவே கூடாது, டம்ப் ஸ்டேஷன்ல மட்டும்தான் விடணும். டாய்லெட் டேங்க்குக்கு தனி மீட்டர் இருக்கு, அத நம்பவே நம்பாதீங்க, உள்ள சென்சார்ல பேப்பர் ஒட்டிக்கிட்டு காலியா இருந்தாலும் முக்கால்னு காட்டும்.

சமையலுக்கு கரண்ட் இல்லன்னா மிக்ஸி, ரைஸ் குக்கர், மைக்ரோவேவ் எதுவும் ஓடாது, இது நம்ம வீட்டு ஆளுங்களுக்கு மொதல்லயே சொல்லி வைக்கணும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர் மூணும் வண்டில இருக்குற புரோப்பேன் கேஸ்ல ஓடும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தேங்கா தொவையல் எல்லாம் வீட்லயே பண்ணி எடுத்துட்டு போயிட்டோம், அங்க சாதம் மட்டும் சின்ன குக்கர்ல வச்சோம். பாத்திரமும் கம்மி, கிரே டேங்க்கும் தப்பிச்சுது.

மொத நாள் ராத்திரி. பகல்ல இருபது டிகிரிக்கு மேல சொகமா இருந்த எடம், 5000 அடி உயரம் இல்லையா, இருட்டினதும் சட்டுனு குளிர்ந்து போச்சு, விடியறதுக்கு முன்னாடி மூணு டிகிரிக்கு வந்துச்சு. அம்மா அப்பாக்கு குளிருமேன்னு ஃபர்னஸ, அதாவது வண்டிய சூடு பண்ற ஹீட்டர, 70 ஃபாரன்ஹீட்ல (சுமார் 21 செல்சியஸ்) வச்சுட்டு படுத்தோம். ஃபர்னஸ் புரோப்பேன்ல எரியுது, புரோப்பேன்தான் நெறைய இருக்கேன்னு நெனச்சோம். காலைல நாலு மணிக்கு அம்மா என்ன தட்டி எழுப்பி, "என்னமோ கீச்சு கீச்சுன்னு கத்துதுடி"ன்னாங்க. பாத்தா கீழ இருக்குற கேஸ் டிடெக்டர். எனக்கு கை காலெல்லாம் நடுங்கிடுச்சு, லீக்கா என்னன்னு தெரியாம அடுப்பு பக்கம் கூட போகாம, எல்லாரையும் கம்பளியோட வெளிய எறக்கிட்டோம், தூங்கிட்டு இருந்த பொண்ண இவர் தூக்கிட்டு வந்தாரு. வெளிய இருந்து கேஸ் டேங்க் வால்வ மூடிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு இவர் போய் பாத்தா, வாசனை எதுவும் இல்ல, அது லீக் அலாரமும் இல்ல, பேட்டரி வோல்ட்டேஜ் எறங்கிடுச்சுன்னு விட்டு விட்டு வர்ற சத்தம். 12 வோல்ட் பேட்டரி, மீட்டர்ல 11க்கும் கீழ காட்டுச்சு.

நடந்தது என்னன்னா, ஃபர்னஸ்ல நெருப்பு கேஸ்ல எரிஞ்சாலும் அந்த சூட்ட உள்ள தள்ற ஃபேன் 12 வோல்ட் பேட்டரில ஓடுது, ஏழு ஆம்பியர் கிட்ட இழுக்கும். பத்து மணி நேர ராத்திரில பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர் ஹவர் (பேட்டரில இருக்குற கரண்ட அளக்குற கணக்கு) போச்சு. அது இல்லாம ஃப்ரிட்ஜ் போர்டு, டிடெக்டர், லைட், தண்ணி பம்ப். எங்க வண்டில இருந்தது சாதா லெட் ஆசிட் பேட்டரி ரெண்டு, சேத்து 150 ஆம்பியர் ஹவர், அதுல பாதிதான் எடுக்கணும், அதுக்கு மேல எறக்கினா பேட்டரி கெட்டுப் போகும். அதுவும் பழசான பேட்டரிங்க, வாடகைக்கு குடுத்தவங்க ஒரு வார்த்த சொல்லல, நாங்களும் கேக்கல. வோல்ட்டேஜ் எறங்கினா ஃபேன் மெதுவா சுத்தும், காத்து போதுமான அளவு வந்தாத்தான் மூடுற ஒரு சின்ன சுவிட்ச் உள்ள இருக்கு, செயில் சுவிட்ச்னு பேரு, அது மூடலன்னா கேஸ் பத்தவே பத்தாது. அதனால டேங்க் நெறைய புரோப்பேன் இருந்தும் வண்டி ஐஸ் மாதிரி இருந்துச்சு.

ஜெனரேட்டர் போடலாம்னா ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் சத்தம் போடக் கூடாத நேரம். அம்மா, "அடுப்ப பத்த வச்சு கொஞ்ச நேரம் குளிர் காயலாமா"ன்னு கேட்டாங்க, கூடவே கூடாதுன்னு சொல்லிட்டேன், மூடின வண்டிக்குள்ள கார்பன் மோனாக்சைடு சேந்தா தூக்கத்துலயே உசிரு போயிடும். இது எல்லாருக்கும் சொல்றேன், எவ்ளோ குளிர் இருந்தாலும் அடுப்ப வச்சு சூடு பண்ணாதீங்க. அம்மாவையும் பொண்ணையும் ஒரே பெட்ல போட்டு இருக்குற கம்பளி மொத்தத்தையும் போத்திட்டோம்.

அப்பா மட்டும் உள்ள வரல. ஸ்வெட்டர், மங்கி குல்லா, அது மேல ஒரு போர்வையோட வெளிய நின்னு மேல பாத்துட்டே இருந்தாரு. இந்த பார்க் 2016ல இருந்து டார்க் ஸ்கை பார்க், அதாவது இருட்டு வானத்துக்குன்னு அங்கீகாரம் வாங்கின எடம், சுத்துவட்டாரத்துல பெரிய ஊர் எதுவும் இல்ல, வானத்துல எடமே இல்லாத மாதிரி நட்சத்திரம். "ஏய் இங்க வா, கார்த்திகை பாரு, அங்க பாரு மிருகசீரிடம், அந்த செவப்பா இருக்கே அது திருவாதிரை"ன்னாரு. ஓரியன்னு நான் படிச்சது, அவருக்கு அது மிருகசீரிடமும் திருவாதிரையும். அவங்க தாத்தா களத்துமேட்டுல படுத்துட்டு காட்டினதாம், அதுக்கப்புறம் இவ்ளோ தெளிவா பாத்ததே இல்லன்னாரு. எனக்கு அம்பது வயசாகப் போகுது, அப்பாக்கு நட்சத்திரம் பேரெல்லாம் தெரியும்னு அன்னைக்குத்தான் எனக்கு தெரியும்.

காலைல ஏழு அடிச்சதும் ஜெனரேட்டர் பட்டன அழுத்தினா அதுவும் கெளம்பல, ஏன்னா அதுவும் அதே பேட்டரிலதான் ஸ்டார்ட் ஆகுது. டேஷ்போர்டுல பேட்டரி பூஸ்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அத அழுத்திப் புடிச்சா எஞ்சின் பேட்டரியும் கூட சேந்துக்கும், அப்பத்தான் கெளம்புச்சு. வண்டி எடுக்கும்போதே அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. ஜெனரேட்டர் வண்டியோட பெட்ரோல்லயே ஓடும், மணிக்கு அரை கேலன் வாக்குல குடிக்கும், டேங்க்ல கால்வாசிக்கு கீழ வந்தா தானா நின்னுடும், நாம நடுவுல மாட்டிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. கிரீன் ரிவர்ல ஃபுல் பண்ணுங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

அதுக்கப்புறம் காலைல டிபன் நேரத்துல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினோம், அந்த நேரத்துலயே போன், கேமரா, அப்பாவோட பிபி மெஷின் எல்லாம் சார்ஜ். படுக்கறதுக்கு முன்னாடி வண்டிய நல்லா சூடு பண்ணிட்டு ஃபர்னஸ 55 ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 13 செல்சியஸ்) எறக்கிட்டோம், ஜன்னலுக்கு துணி கட்டினோம், அம்மா வெந்நீர் பாட்டில்ல துணி சுத்தி காலடில வச்சு குடுத்தாங்க. ரெண்டாவது ராத்திரி முடிஞ்சு காலைல பேட்டரி 12.1 வோல்ட், மூணாவது ராத்திரி முடிஞ்சு 12.2. அடுத்த தடவ வாடகைக்கு எடுக்கும்போது லித்தியம் பேட்டரியா, சோலார் இருக்கான்னு கேட்டுட்டுதான் மத்த எதுவும் பேசுவேன், லித்தியம்னா பெரும்பகுதிய எடுத்துக்கலாம், பாதியோட நிறுத்தத் தேவையில்ல.

நடுவுல ஒரு நாள் நானும் இவரும் பொண்ணும் பக்கத்துல இருக்குற லிட்டில் வைல்ட் ஹார்ஸ் கேன்யன் போனோம், ரெண்டு பக்க சுவரும் தோள உரசுற அளவுக்கு ஒடுக்கம். முழு சுத்து எட்டு மைல், நாங்க பாதி தூரம் போயிட்டு அதே வழில திரும்பிட்டோம். தூரத்துல எங்கயோ மழ பெஞ்சா கூட அங்க திடீர்னு வெள்ளம் வரும், வானிலை பாக்காம எறங்காதீங்க.

கடைசி ராத்திரி டிடெக்டர் கத்தல, ஃபர்னஸ் நிக்கல. ஆனா நாலு மணிக்கு கதவு தொறக்குற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். அப்பா மடக்கு சேர விரிச்சு போட்டு உக்காந்திருந்தாரு, மடியில போர்வைக்குள்ள என் பொண்ணு, மொத நாள் தூக்கத்துல பாக்காம விட்டுட்டேன்னு அவளே அவர எழுப்பச் சொல்லி இருந்திருக்கா. கார்த்திகைல எத்தன நட்சத்திரம்னு எண்ணச் சொல்லிட்டு இருந்தாரு. ஆறுன்னா. இன்னும் நல்லா பாருன்னாரு.