இலையில் வந்த பொடிப் புள்ளிகள்

என் அறை ஜன்னலோரத்தில் ஒரு குரோட்டன்ஸ் இருக்கிறது. அதன் இலையில் இயல்பாகவே மஞ்சள் திட்டுகள் உண்டு. அதனால்தான் புதிதாக வந்த புள்ளிகளை இரண்டு வாரம் நான் கவனிக்கவே இல்லை. ஊசியால் குத்தியது போல அவ்வளவு பொடிசு. இலையின் பளபளப்பும் போயிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டினேன். தூசி போல விழுந்தவற்றில் நாலைந்து நகர ஆரம்பித்தன! சிலந்திப் பேன். அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். எட்டுக் கால் கொண்டது. பூச்சி இனமே இல்லை, சிலந்திக்கு உறவு. இலைக்கு அடியில் உட்கார்ந்து செல்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். அப்படிக் காலியான செல்கள்தான் மேலே புள்ளியாகத் தெரிகின்றன. காம்பு சேரும் இடத்தில் மெல்லிய நூலாம்படையும் இருந்தது.

செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவினேன். முட்டைகள் சில நாளில் பொரித்துவிடும், ஒரு முறை கழுவினால் போதாது. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை என்று மூன்று வாரம் கழுவினேன். பழைய புள்ளிகள் மறையாது. புதுத் துளிரைத்தான் பார்க்க வேண்டும். நேற்று ஒன்று விரிந்தது. அதில் அந்த ஊசிப் புள்ளி ஒன்றுகூட இல்லை.