இரண்டா, பத்தா: வேலையிழந்த நாள்களின் குறிப்பு

2023 ஏப்ரல் 3, திங்கள்

மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையே உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் 2009 முதல் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை, மார்ச் 31ஆம் தேதியோடு, என்னையும் சேர்த்து ஏழு பேருக்கு வேலை முடிந்துபோயிற்று. ஆர்டர் குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யல்ல, ஜனவரியிலிருந்து உள்ளே வந்த சரக்கு எவ்வளவு என்பதை இருப்புப் பதிவேடு எழுதிய எனக்குத் தெரியாதா? உறுத்துவது வேறு. ஏழு பேருக்கும் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளில், "சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று இருந்தது. கையெழுத்திட்டால் அன்று மாலையே காசோலை கிடைக்கும் என்றார்கள்.

நான்கு பேர் கையெழுத்திட்டார்கள். லேத் பிரிவுத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்து, "வாடகை நிக்குதுண்ணா" என்று மட்டும் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நானும் மற்ற இருவரும், ஆட்குறைப்பு என்று எழுத்தில் தந்தால்தான் பெற்றுக்கொள்வோம் என்று நின்றோம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி, ஓராண்டாவது தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். அத்துடன் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். விலகல் கடிதத்தை நிறுவனம் ஏன் அவ்வளவு பரிவோடு நீட்டியது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு, "ஆட்குறைப்பு" என்ற சொல்லோடு ஒரு கடிதம் கைக்கு வந்தது. முத்திரை வைத்துத் தரும்படி கேட்டேன். முகம் சுளித்தாலும் வைத்துக் கொடுத்தார்கள்.

2023 ஏப்ரல் 12, புதன்

வேலையிழந்தவருக்கு என்னென்ன உண்டு என்று இந்த ஒரு வாரமாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கும் இடமெல்லாம் ஒன்றோடொன்றைக் குழப்பிச் சொல்கிறார்கள்.

மாநில அரசின் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் தரப்படும் உதவித்தொகை எனக்கானதல்ல. பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருக்கும் இளைஞர்களுக்கு உரியது அது. பொதுப் பிரிவில் பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய். ராஜீவ் காந்தியின் பெயரில் 2005 முதல் இருக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டம் இன்னொன்று. ஆலை மூடல், ஆட்குறைப்பு, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு அது இருபத்து நான்கு மாதம் வரை தருகிறது என்றாலும், அதற்குக் கேட்கும் சான்றுகளைத் திரட்ட நாளாகும் என்று தொழிற்சங்கத் தோழர் ஒருவர் சொன்னார். அவர் கைகாட்டியது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாயில் நுழையாத பெயர் என்பதால் எங்கள் தெருவில் எல்லோரும் அதை "இ.எஸ்.ஐ. வேலையில்லாப் பணம்" என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

2018 ஜூலையில் தொடங்கியபோது சராசரி நாள் வருமானத்தில் 25 விழுக்காடு தந்தார்கள். கொரோனா வந்த பிறகு, 2020 மார்ச் 24 முதல் அதை 50 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2024 ஜூன் 30 வரை திட்டத்தை நீட்டித்திருக்கிறார்கள். அதிகபட்சம் தொண்ணூறு நாள், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. வேலையிழந்து முப்பது நாள் கழிந்த பின்பே கேட்க முடியும். வேலையிழப்பதற்கு முந்தைய இரண்டாண்டுகள் காப்பீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். கடைசிச் சந்தாக் காலத்தில் (ஆறு மாதம் ஒரு காலம்) 78 நாள்களுக்கும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாள்களுக்கும் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவருக்கும், பணி ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் சென்றவருக்கும் கிடையாது.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது லேத் பிரிவுத் தம்பியின் நினைவு வந்தது.

2023 ஏப்ரல் 20, வியாழன்

மூலக்கடையில் உள்ள பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் இருந்து இ.எஸ்.ஐ. தளத்தில் என் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைத் திறந்து பார்த்தேன். சந்தா நாள்கள் சரியாக இருந்தன. பெயர்தான் சரியாக இல்லை.

தமிழனின் தலையெழுத்து அவனுடைய முன்னெழுத்தில்தான் இருக்கிறது போலும். 2009இல் நிறுவனம் பதிந்தபோது தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, புள்ளி வைத்து, என் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஆதாரில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால், புள்ளியில்லாமல் நிற்கிறது. வங்கிப் புத்தகத்திலோ தந்தை பெயரே முழுதாக விரிந்து, ஏதோ குடும்பப் பெயரைப் போலப் பின்னால் தொங்குகிறது. மூவரும் ஒருவரே என்பது கொடுங்கையூரில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும், கணினிக்குத் தெரியவில்லை. வடக்கே குடும்பப் பெயர் உள்ளவர்களை மனத்தில் வைத்துச் செய்த படிவத்தில், முதற்பெயர், கடைப்பெயர் என்ற கட்டங்களுக்குள் நம் முன்னெழுத்தை எங்கே வைப்பது என்பதை ஒவ்வோர் அலுவலகமும் தன் விருப்பப்படி முடிவு செய்திருக்கிறது.

எதைத் திருத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆதாரை மாற்றினால் அதனோடு ஒத்துப்போகும் மற்றவையெல்லாம் கலைந்துவிடும். ஆகவே ஆதாரை அப்படியே விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் அதன்படி மாற்றுவது என்று முடிவு செய்தேன். வங்கியில் ஒரே நாளில் முடிந்தது. இ.எஸ்.ஐ. பதிவில் மாற்ற நிறுவனத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். வேலையை விட்டு அனுப்பியவர்களிடமே போய் நின்று, நான் நான்தான் என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்கி வந்தேன்.

2023 மே 1, திங்கள்

முப்பது நாள் நேற்றோடு முடிந்தது. நூறாண்டுக்கு முன், 1923இல் இதே நாளில், சிங்காரவேலர் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். காலையில் தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏப்ரல் மாதத்துக்கான கோரிக்கையைப் பதிந்தேன். இனிவரும் மாதங்களுக்குச் சேர்த்து இப்போதே கேட்க முடியாது. வேலையின்றிக் கழிந்த நாள்களுக்கு மட்டுமே கேட்கலாம்.

முன்பெல்லாம் 20 ரூபாய் முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். 2020 நவம்பரில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் சென்டர் வாசலில் ஒருவர் முத்திரைத் தாளும் நோட்டரியும் சேர்த்து 400 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கையெழுத்திட்ட அச்சுப்படி, ஆதார் நகல், பாஸ்புக் நகல் ஆகியவையே போதும் என்று அங்கிருந்த இருவரிடம் சொன்னேன். ஒருவர் நம்பினார்.

2023 மே 18, வியாழன்

எங்கள் பகுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இது மூன்றாம் நடை. முதல் முறை தாள்களைக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். இரண்டாம் முறை, நிறுவனம் இன்னும் ஏப்ரல் கணக்கை அனுப்பவில்லை, பொறுத்திருங்கள் என்றார்கள். அதில் நியாயம் உண்டு: ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். நான் வேலை செய்யாத முதல் மாதம் ஏப்ரல் என்பதால், நான் வெளியேறிய செய்தி மே நடுவில்தான் அவர்கள் கணினிக்கு வந்துசேரும்.

இன்று வந்துசேர்ந்திருந்தது. எழுத்தர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாதக் கணக்கில் ஒருவருக்கு வேலை நாள் பூச்சியம் என்று போட்டால், ஏன் என்பதற்கு ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டு என்றால் பணியை விட்டு விலகியவர், மூன்று என்றால் ஓய்வு பெற்றவர், பத்து என்றால் ஆட்குறைப்புச் செய்யப்பட்டவர். எனக்கு நேராக இரண்டு இருந்தது.

"நீங்களா நின்னுட்டதா போட்டிருக்காங்க சார்" என்றார்.

முத்திரையிட்ட கடிதத்தின் நகலை எடுத்து வைத்தேன். அவர் இருமுறை படித்துவிட்டு, கோரிக்கையை நிராகரிக்காமல் நிறுத்திவைப்பதாகவும், நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு எழுதுவதாகவும் சொன்னார். அந்த மனிதர் நல்லவர். அந்த மேசையில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைக்க விரும்பவில்லை.

வெளியே வந்து நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கும் ஆலோசகருக்குத் தொலைபேசியில் பேசினேன். யார் வெளியேறினாலும் இரண்டு போடுவதுதான் வழக்கம், வேறு எண்கள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை என்றார். வஞ்சம் ஏதும் இல்லை, வெறும் பழக்கம். நான்கு படிவங்களைப் பிழையின்றி நிரப்பியவன் நான். என் கோரிக்கையை நிறுத்தியது, நான் பார்க்கவே முடியாத ஒரு கட்டத்தில் வேறொருவர் தட்டிய ஓர் எண்.

2023 மே 31, புதன்

வாய்ப்பேச்சை நம்பாமல், ஆட்குறைப்புக் கடிதத்தின் தேதியையும் என் காப்பீட்டு எண்ணையும் குறித்து, காரணத்தைத் திருத்துமாறு நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருந்தேன். ஒரு நகலைக் கிளை அலுவலகத் தபால் பிரிவிலும் கொடுத்திருந்தேன். இன்று நிறுவனத்திலிருந்து இரண்டு வரி உறுதிக் கடிதம் போயிருக்கிறது. என்னோடு நின்ற இருவருக்கும் அதே கடிதத்தில் சேர்த்தே எழுதிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவருக்கு இன்னொரு சிக்கல். ஒப்பந்தக்காரரிடம் இருந்தபோது ஒரு காப்பீட்டு எண், நிரந்தரமானபோது இன்னொன்று. இரண்டாவது எண் பதினைந்து மாதம்தான் பழையது. கணினியைப் பொறுத்தவரை அவர் இரண்டாண்டு முடிக்காதவர். இரண்டையும் இணைக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்றவரின் சம்பளம் சென்ற ஆண்டு 21,000 ரூபாயைத் தாண்டியதால், செப்டம்பரில் முடிந்த சந்தாக் காலத்தோடு இ.எஸ்.ஐ.யிலிருந்தே வெளியேறிவிட்டார். சம்பள உயர்வு கிடைத்தபோது எங்களுக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்குச் சட்டப்படியான இழப்பீடு உண்டு, இந்தப் பணம் இல்லை.

2023 ஜூன் 16, வெள்ளி

அனுமதி ஆகிவிட்டது, ஆனால் பணம் போய்த் திரும்பிவிட்டது. என் வங்கி 2020இல் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டபோது கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது, இ.எஸ்.ஐ. பதிவில் பழையதே இருந்திருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. இது முழுக்க என் பிழை. புதிய பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மே மாதக் கோரிக்கையையும் இன்றே சேர்த்துக் கொடுத்தாயிற்று.

வரும் வழியில் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனேன். வேலை போனதும் மருத்துவமும் போய்விடும் என்று பலர் வெளியே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தா, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பயன்காலத்துக்குக் கணக்காகும். ஆகவே எங்களுக்கு இந்த ஆண்டு முடியும்வரை கவலையில்லை.

2023 ஜூன் 28, புதன்

ஏப்ரல் மாதத்துக்கான தொகை வந்துவிட்டது: 8,404 ரூபாய். குறைத்துவிட்டார்கள் என்று மகன் கொதித்தான். என்னுடைய கடைசிச் சம்பளம் 18,500. அதை 26ஆல் வகுத்து, பாதியாக்கி, தொண்ணூறால் பெருக்கி, 32,019 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். கணக்கு அப்படியல்ல. நான்கு சந்தாக் காலங்களின் மொத்த வருமானத்தை 730 நாளால் வகுக்கிறார்கள். ஞாயிறும் விடுமுறையும் அதில் அடக்கம். முதலாண்டில் சம்பளம் 17,000தான், அதிலும் 2021 ஊரடங்கில் இரண்டு மாதம் அரைச் சம்பளம். மொத்தம் 4,09,000 ரூபாய். நாளொன்றுக்கு 560 ரூபாய் 27 காசு. அதில் பாதி 280 ரூபாய் 14 காசு. தொண்ணூறு நாளுக்கு 25,212 ரூபாய். தாளில் எழுதிக் காட்டியதும் மகன் அமைதியானான். ஊரடங்கின் அரைச் சம்பளம் இரண்டாண்டு கழித்து இன்னொரு முறை பிடித்தம் ஆகியிருக்கிறது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

2023 ஜூலை 6, வியாழன்

தொண்ணூறாம் நாள் ஜூன் 29. கடைசிக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டேன். லேத் பிரிவுத் தம்பியும் உடன் வந்திருந்தான். எழுத்தர் அவனுடைய விலகல் கடிதத்தைப் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பி.எஃப். கணக்கையாவது பார்க்கலாம் என்று அவனுடைய தொலைபேசியிலேயே திறந்தோம். வேலையைவிட்ட தேதியை நிறுவனம் பதியவே இல்லை. கடைசிச் சந்தாவுக்குப் பிறகு இரண்டு மாதம் கழிந்துவிட்டால் உறுப்பினரே ஓ.டி.பி. மூலம் அந்தத் தேதியைப் பதியலாம் என்பதால், அதை அங்கேயே நின்று செய்து முடித்தோம். பேருந்து இரண்டு போய்விட்டது.

2023 ஜூலை 17, திங்கள்

திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் இன்று வேலைக்குச் சேர்ந்தேன், சம்பளம் 16,000. புதிதாக இ.எஸ்.ஐ. பதிய ஆதார் நகல் போதும் என்று அங்கிருந்த பெண் படிவத்தை நீட்டினார். புதிதாக வேண்டாம் அம்மா, என்னிடம் எண் இருக்கிறது என்று சொல்லி, பழைய பத்து இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் பெயரைத் தட்டத் தொடங்கி முன்னெழுத்தை முதலில் போட்டார். எழுந்துபோய்த் திரையருகே நின்று, அதைப் பின்னால், புள்ளியில்லாமல் போடச் சொன்னேன்.