கல்முனைக் கடையின் கடிதம் ஸ்காபரோவில்

கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு இலங்கையிலிருந்து வந்திறங்கும் எங்கட ஆட்களிடம் ஒரு ஃபைல் கட்டாயம் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு, கிராம சேவகர் தந்த நற்சான்றிதழ், பழைய முதலாளி தந்த சேவைக் கடிதம். அந்தக் கடிதத்தைப் பலர் வெளியே எடுப்பதேயில்லை. "ஊர்க் கடிதத்தை இஞ்ச ஆர் பாக்கப்போறாங்க?" என்று விட்டுவிடுகிறார்கள். பார்க்கிறார்கள். ஆனால் அதில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இலங்கையின் கிழக்கே கல்முனையில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் ஸ்டோர் கீப்பராகப் பல வருஷம் இருந்தேன். புறப்படும்போது கடைக் கிளாக்கர் அடித்துத் தந்த கடிதம் இதுதான்: "இவர் எமது நிறுவனத்தில் கடமையாற்றியவர். நேர்மையும் நன்னடத்தையும் உடையவர். இவரது எதிர்காலம் சிறப்புற வாழ்த்துகிறோம்." மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாரிடம் கேட்டாலும் அநேகமாக இதே கடிதம்தான் இருக்கும்.

தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்குப் போனபோது முதலாளி ஹாஜியாரைப் பார்க்கப் போனேன். சீமெந்துத் தூசி படிந்த மேசைக்குப் பின்னால் அதே கதிரை. பழைய ஸ்டொக் புத்தகத்தை இழுத்தெடுத்து, என் கையெழுத்துள்ள பக்கத்தை விரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, லொறி வந்தா நீ மூட்டையை எண்ணாம ஒரு நாளும் கையெழுத்து வெச்சதில்ல. வருஷக் கடைசியில ஸ்டொக் எடுக்கக்குள்ள நீ நிண்டா எனக்கு நிம்மதி. கணக்கில ஒரு பைப் குறைஞ்சாலும் தேடிப் பிடிச்சிருவாய்."

எனக்கு வேண்டிய சான்று அவர் வாயில் இருந்தது. "ஹாஜியார், இதையே எழுதித் தாங்க" என்றேன். பக்கத்தில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினோம். பதவி, வேலை செய்த காலம், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன பொறுப்பு, இறக்கிய சரக்கை நானே சரிபார்த்தது, ஆண்டிறுதிக் கணக்கெடுப்பை நடத்தியது. லெட்டர் ஹெட்டில் அடித்து, சீல் குத்தி, தன் தொலைபேசி இலக்கத்தையும் போட்டார். கனடாவின் குடிவரவு விண்ணப்பத்துக்குக் கேட்கும் வேலை அனுபவக் கடிதத்திலும் கிட்டத்தட்ட இவைதான் இருக்க வேண்டும். சம்பள விபரமும் சேர வேண்டும். ஆகவே ஒரு கடிதம் இரண்டுக்கும் உதவும்.

ரெசுமேயில் முழுக் கடிதத்தையும் ஒட்டக்கூடாது. அந்த வேலையின் கீழ், முதலாளியின் சம்மதத்தோடு, அவர் சொன்ன ஒரு வரியைப் பெயரும் பதவியும் போட்டு வைத்தேன். முழுக் கடிதம் கையில் இருந்தது. ஒரு களஞ்சிய வேலைக்கான நேர்முகத்தில் மேற்பார்வையாளர் அந்த வரியில் விரலை வைத்து, கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிக் கணக்குப் பிடித்தீர்கள் என்று கேட்டார். ஒவ்வொரு சரக்குக்கும் வரவு, செலவு, மீதியைக் கையால் எழுதிவைக்கும் 'பின் கார்ட்' (bin card) அட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பிறகு பேச்சு முழுக்க என் வேலையைப் பற்றியே போனது. அந்த வேலை கிடைத்தது.

வேலை தருபவர்கள் கேட்கும் 'கனேடிய அனுபவம்', அதாவது கனடாவிலேயே வேலை செய்த அனுபவம், என்ற சொல்லைக் கேட்டுச் சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கண்டிப்பாகக் கேட்பது பாகுபாடு என்று ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணைக்குழு 2013 இலேயே சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பகிரங்க வேலை விளம்பரங்களில் அதைக் கேட்கவே முடியாது. ஊர் அனுபவத்தைத் தலை நிமிர்ந்து எழுதுங்கள்.

தொலைபேசியிலும் விசாரிப்பார்கள். ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் கல்முனையில் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. பிற்பகல் என்றால் அங்கே நடுச்சாமம். எப்போது அழைக்கலாம் என்று எழுதி வையுங்கள், ஹாஜியாரின் தொழுகை நேரத்தையும் பார்த்து.

2004 சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களில் வேலை செய்தவர்களின் பாடுதான் கஷ்டம். திட்டம் முடிந்ததும் அலுவலகத்தையே மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அப்படியொன்றில் எனக்கு மேலாளராக இருந்தவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்தேன். அங்கேயே பரிந்துரை எழுதித் தந்தார். ஆளும் அகப்படாவிட்டால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்குக் கூற்று ஆகியவை வேலை செய்ததையாவது காட்டும். இப்போது ஊரில் பயணத்துக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கச்சிமார், கடைசிச் சம்பளம் வாங்கும் அன்றைக்கே முதலாளியோடு உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதி எடுத்துவிடுங்கள்.